நெஞ்சு உயரத்தில் பூத்த ஹாப்ஸ்

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்காக ஹாப்ஸைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ரகங்களின் பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. எது எலுமிச்சைத் தோல் வாசம், எது காய்ந்த புல் வாசம், எதில் கசப்பு அதிகம் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. அதைத் தயாரித்தவள் நான்தான் என்பதால் பெரிய பிழை இருக்காது என்றும் சொல்ல முடியும். ஆகவே அதை விட்டுவிட்டு, நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். அது பட்டியலில் இல்லை.

நான் போடியில் ஏலக்காய் தரம் பார்க்கும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தவள். பீர் குடித்ததில்லை. என் பணி ஓய்வு விழாவில் ஒரு குவளையை நீட்டினார்கள். முகர்ந்து பார்த்து, இதில் போட்ட ஹாப்ஸ் கொஞ்சம் பழசு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் நான் மருந்துச் சரக்கு பார்ப்பதாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

ஏலக்காய் மண்டிக்குள் ஹாப்ஸ் எப்படி வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பெங்களூரில் சின்ன அளவில் பீர் காய்ச்சும் நிவேதா என்ற பெண் ஏலக்காய் வாங்க வந்தாள். எங்கள் குளிரறையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். அவளைப் போன்ற சின்னக் காய்ச்சுகிறவர்களின் கஷ்டம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஹாப்ஸ் என்பது கொடியில் விளையும் பச்சைப் பூ. பீருக்குக் கசப்பும் வாசமும் அதுதான் தருகிறது. இமயமலைப் பக்கம் கொஞ்சம் விளைகிறது, மற்றதெல்லாம் கப்பலில் வருகிறது. இவர்களுக்கு ஒரு ரகத்தில் பத்துக் கிலோ, இன்னொன்றில் ஐந்து கிலோ போதும். வெளிநாட்டு வியாபாரியோ இத்தனை சின்ன அளவுக்குக் கடிதத்துக்குப் பதில்கூடப் போட மாட்டார். எங்களிடம் இறக்குமதி உரிமம் இருந்தது, குளிரறை இருந்தது, முகர்ந்து பார்க்க நான் இருந்தேன். எட்டுப் பேரின் தேவையை ஒன்றாகச் சேர்த்து வரவழைத்தோம். அப்படித்தான் தொடங்கியது.

முதல் வருஷம் சிட்ரா என்ற ரகத்தின் மாதிரி வந்தது. உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தேன். பூனை மூத்திர வாடை. அறிக்கையில் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் நிவேதா போன் செய்தாள். எவ்வளவு அடிக்கிறது என்று கேட்டாள். லேசாகத்தான் என்றேன்.

“அப்ப அதையே எடுங்கக்கா. பீர்ல போனா கொய்யாப்பழ வாசமா மாறிடும்” என்றாள்.

அன்றிலிருந்து என்ன வாடை என்பதை மட்டும் எழுதினேன். நல்லதா, கெட்டதா என்பதைக் கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். இதை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து இந்தப் பழக்கத்தால்தான் ஒருவருடைய ஒரு ஏக்கர் போயிற்று.

அவர் பெயர் தங்கவேல். ராசிங்காபுரத்துக்காரர். போடிமெட்டைத் தாண்டிக் கேரளச் சரிவில் அவருக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். வருஷந்தோறும் எங்களுக்குத்தான் சரக்குக் கொண்டு வருவார். தன் சரக்கை நான் தரம் பார்க்கும்போது எதிரே நின்று, நான் காயைக் கையில் எடுக்கும் முன்பே தரத்தைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் எங்கள் குளிரறையில் ஹாப்ஸ் பொட்டலங்களைப் பார்த்தார், விசாரித்தார். இமயமலைப் பக்கம் கொடி ஏறும் வீடியோவைப் பேரனிடம் சொல்லிப் போனில் தேடி எடுக்க வைத்து முதலாளியிடம் காட்டினார். நம் சரிவிலும் அதே குளிர், அதே மழை, ஏன் விளையாது என்று கேட்டார்.

முதலாளிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. நிவேதாவுக்கும் பிடித்தது. தென்னாட்டில் விளைந்த ஹாப்ஸில் பீர் என்றால் பெங்களூரில் வரிசையில் நிற்பார்கள் என்றாள். முதலாளி அறையில் தங்கவேல் அண்ணனை வைத்துப் பேச்சு நடந்தது. நிவேதா போனில் இருந்தாள். நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, எனக்கே தெரிந்துகொள்ளும் ஆசையில், அமெரிக்காவில் எங்களுக்கு ஹாப்ஸ் விற்கிறவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். அவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். அதை அச்செடுத்து வைத்திருந்தேன். கோடையில் பதினைந்து, பதினாறு மணி நேரம் பகல் இருக்கும் நாடுகளின் கொடி அது. பகல் நீண்டிருக்கும் வரை மேலே மேலே ஏறும். பகல் குறையத் தொடங்கினால் ஏறுவதை நிறுத்திப் பூக்கும். நம் மலையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழி மாதப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். இங்கே நட்டால் கொடி எழுந்த உடனே பூக்கும் காலம் வந்துவிட்டதாக நினைத்து, ஏறாமலே நாலு பூவைப் பூத்துவிட்டு நின்றுவிடும். விளக்குப் போட்டுப் பகலை நீட்டலாம், அதற்கு மின்சாரமும் பணமும் இருக்கிறவர்கள் செய்கிறார்கள் என்று முடித்திருந்தார். குளிரைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவர் குறை சொல்லவில்லை. பகல் போதாது, அவ்வளவுதான்.

பேச்சு நடுவில் எனக்கு இடம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். மூன்று பேரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தங்கவேல் அண்ணன் என் பக்கம் திரும்பி எந்த ரகம் நடலாம் என்று கேட்டார். பல மண்ணுக்கும் ஒத்துப்போகிற ரகம் கேஸ்கேட் என்றேன். அது சரியான பதில். கேட்ட கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது. முதலாளி நோட்டில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்தது.

தங்கவேல் அண்ணன் ஒரு ஏக்கரில் காய்த்துக்கொண்டிருந்த ஏலச்செடிகளைப் பிடுங்கினார். உங்களில் மலைப்பக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏலச்செடியை மறுபடி நட்டால் காய்ப்புக்கு மூன்றாம் வருஷம் வரை காத்திருக்க வேண்டும். பிடுங்குவதற்கு நாலே நாள்தான்.

வடக்கேயிருந்து வேர்த்துண்டுகள் வந்தன. பதினெட்டு அடிக் கம்பங்கள் நட்டு, கயிறு கட்டி, கொடிகளை ஏற்றிவிட்டார். தினமும் ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்கள் இது பாகற்காயா, கோவைக்காயா என்று கேட்டு அவரைச் சோதித்தார்கள். முதல் வருஷம் விளைச்சல் சொல்லும்படி இல்லை. முதல் வருஷம் எங்கேயும் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னோம். அது உண்மையும்கூட. நான் அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு வருஷம் ஒளிந்துகொண்டேன்.

இரண்டாம் வருஷம் அவரே போன் செய்தார்.

“ஆத்தா, வெரசா வந்து பாரு. அவுக ஊருல நாலு மாசமாகும்னாக. நமக்கு ஒன்றரை மாசத்துலயே பூத்துருச்சு.”

போய்ப் பார்த்தேன். கொடி என் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றிருந்தது. அங்கேயே பூத்திருந்தது. அதற்கு மேல் கம்பமும் கயிறும் சும்மா இருந்தன. அவர் ஒவ்வொரு பூவாகத் தூக்கிக் காட்டினார். சீக்கிரம் பூத்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. கடிதத்தில் இருந்தது அப்படியே என் முன்னால் நின்றது. பாப்போம்ணே என்று சொல்லி, கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

நம் தொழிலில் ‘பாப்போம்’ என்று சொல்வதற்கு முன் யோசியுங்கள். அதற்குள் ஒன்றுமே இல்லை. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை அதில் போட்டுக்கொள்வார்.

பறித்து, ஏலக்காய் உலர்த்தும் அறையிலேயே உலர்த்தினார். ஒரு ஏக்கருக்கு அரை மூட்டை வந்தது. அதற்குள் முதலாளி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். நிவேதா கேமராக்காரருடன் தோட்டத்துக்கு வருகிறாள். அதே சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ராசிங்காபுரத்துக்காரர்கள் ஏழு பேர் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அவர்களும் அடுத்த மழைக்கு ஹாப்ஸ் நடுவார்கள், நிவேதா வாங்கிக்கொள்வாள், எல்லாருக்கும் அன்றைக்கே ஒப்பந்தம். காகிதங்கள் தட்டச்சாகி இருந்தன.

அவர்கள் வரும் நாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அரை மூட்டையைக் காட்டினால் நன்றாக இருக்காது என்றார். குளிரறையில் அரைக்காத முழுப் பூவாக இரண்டு பெட்டி கேஸ்கேட் இருந்தது.

“அதே ரகம்தானம்மா. நீ முன்னாடி போயி ரெண்டையும் அதோட கலந்து வச்சிரு. இன்னைக்குக் கண்ணுக்கு நெறைவா இருக்கட்டும். அடுத்த வருஷம் தானா வெளைஞ்சிட்டுப் போகுது.”

அவர் மோசமான மனிதர் இல்லை. அடுத்த வருஷம் விளையும் என்று உண்மையிலேயே நம்பினார். கடிதம் அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்டிகள் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தன. மேலே, எல்லை தாண்டியதும் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். ஹாப்ஸ் கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடி. வாசத்திலும் அந்தச் சாயல் உண்டு. காவலர் பெட்டிப் பக்கம் குனிந்து முகர்ந்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இது எந்தாணு சேச்சி?”

பூ என்றேன். எந்தப் பூ என்றார். இறக்குமதிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்து, பெரிய பதிவேட்டில் என் பெயரையும், ‘அமெரிக்கன் பூவு, ரெண்டு பெட்டி’ என்றும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவு முழுக்க மனசாட்சியால்தான் என்று எழுத ஆசைதான். அந்தப் பதிவேட்டுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

தங்கவேல் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் உலர்த்தும் அறை வாசலில் நின்றிருந்தார். முதலாளி போனில் எல்லாம் சொல்லியிருந்தார். தார்ப்பாயில் தன் பூவைப் பரப்பி வைத்திருந்தார். பரப்பியதால் இன்னும் குறைவாகத் தெரிந்தது. மற்றவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“கொட்டிரு ஆத்தா, நேரமாகுது” என்றார்.

பெட்டியின் ஒட்டுநாடாவை நான் பிரிக்கவில்லை. இது இங்கே விளையாது என்றேன். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் என்று அவர் ஆரம்பித்தார். எத்தனை வருஷமானாலும் நெஞ்சு உயரம்தான் என்று சொல்லி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அவர் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்தக் காயிதம் எப்ப வந்துச்சு?”

“நீங்க நடுறதுக்கு முந்தியே வந்துருச்சுண்ணே.”

“நான் ஒன்கிட்டதான கேட்டேன்.”

“நீங்க எந்த ரகம்னுதான் கேட்டீங்க.”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. என் பணிக்காலத்தில் நான் சொன்ன கேவலமான வாக்கியம் அதுதான். அதிலும் பொய் எதுவும் இல்லை.

அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்தார். “நான் செடியப் பிடுங்குன நாலு நாளும் நீ போடியிலதான இருந்த?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்றார்.

பிறகு தார்ப்பாயைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

“இன்னைக்கு ஒரு நாளைக்குக் கொட்டிரு. வர்ற ஏழு பேருல நாலு பேரு என் சொந்தம். பிடுங்குறப்பவே சிரிச்சவுக. அவுக முன்னாடி இந்த அர மூட்டையோட என்னைய நிப்பாட்டாத.”

இந்த இடத்தில் என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான். அவர் கேட்ட ஒரே உதவி என் கையில் பெட்டியாக இருந்தது. கொட்டினால் அன்று அவர் தலை நிமிர்ந்து நிற்பார். எனக்கும் அதைச் செய்துவிடத்தான் தோன்றியது. ஒரு நிமிடம் ஒட்டுநாடாவின் ஓரத்தில் நகத்தை வைத்தும்விட்டேன்.

“கொட்டுனா அவுகளும் செடியப் பிடுங்குவாகண்ணே” என்றேன்.

கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவர் எழுந்து வந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். கொட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன், தடுக்கவும் எனக்குத் தெம்பில்லை. அவர் நேராக ஜீப்புக்குப் போய்ப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினார். இன்னொன்றை நான் கொண்டுபோய் வைத்தேன்.

எல்லாரும் இறங்கி வந்து தார்ப்பாயைச் சுற்றி நின்றார்கள். முதலாளி தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தார்ப்பாயைப் பார்த்தார். தங்கவேல் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒரு ஏக்கரு, ரெண்டு வருசம், இம்புட்டுத்தேன்” என்றார். “ஏன்னு இந்த ஆத்தா சொல்லும்.”

சொன்னேன். பகல் கணக்கைச் சொன்னேன். கடிதம் எப்போது வந்தது என்பதையும், அதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்ததையும் சொன்னேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிவேதா கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னாள். ஏழு பேரில் ஒருவர் பட்டம் மாற்றி, வேறு மாதத்தில் நட்டால் வருமா என்று கேட்டார். வராது என்றேன். இன்னும் மேலே, ராத்திரி அதிகம் குளிர்கிற இடத்தில் நட்டால் என்றார் இன்னொருவர். வராது என்றேன். மூன்றாமவர் கம்பத்தைக் குட்டையாக நட்டிருக்கலாம் என்றார். அது மட்டும் சரி.

யாரும் சிரிக்கவில்லை. சொந்தக்காரர்களில் மூத்தவர், பிடுங்கிய இடத்துக்குத் தன் தோட்டத்திலிருந்து ஏலக்கன்று தருவதாகச் சொன்னார். தங்கவேல் அண்ணன் அதற்கும் சரி என்றார்.

நிவேதா ஒரு பிடிப் பூவைக் கசக்கி முகர்ந்தாள். ஏலக்காய் வாசம்தான் வருகிறது என்றாள். இருந்தாலும் அரை மூட்டையையும் எடுத்துப் போய் ஒரு சின்னப் பீப்பாய் காய்ச்சிப் பார்த்தாள். இருமல் கஷாயம் போல இருந்ததாகவும், வெளியே விற்காமல் தங்களுக்குள்ளேயே குடித்துத் தீர்த்ததாகவும் பிறகு சொன்னாள். ஒப்பந்தக் காகிதங்களின் பின்பக்கத்தை அலுவலகத்தில் துண்டுச்சீட்டாக வெகுநாள் உபயோகித்தோம்.

முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு என்னை மிளகுப் பிரிவுக்கு மாற்றினார். தண்டனை என்று சொல்லவில்லை, அங்கே ஆள் குறைவு என்றார். அடுத்த கப்பலில் வந்த மாதிரிச் சரக்கு ஒன்றில் என்ன வாடை என்று யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாததால் திரும்பக் கூப்பிட்டார். ஈரச் சாக்கு என்றேன். அப்படியே மறுபடி ஹாப்ஸில் உட்கார்ந்தேன். அதன் பிறகு முதலாளி எந்தக் கூட்டத்தையும் முடிக்கும் முன், கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்பார். பெரும்பாலும் இருக்கும். கூட்டங்கள் நீண்டன. அதைப் பற்றி இன்றும் சிலருக்கு என் மேல் கோபம்.

தங்கவேல் அண்ணன் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு ஏலம் நட்டார். மீதி மூன்று ஏக்கர் சரக்கை வேறு வியாபாரியிடம் கொண்டுபோனார். போடி பஸ் நிலையத்தில் இரண்டு முறை எதிரெதிரே வந்தோம். முதல் முறை அவர் பார்க்காத மாதிரி போனார். இரண்டாம் முறை நான் அப்படிப் போனேன். போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

நான் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தபோது ஒரு மத்தியானம் என் மேஜை மேல் ஒரு சாக்கு வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தால் அவர். புதுச் செடியில் முதல் காய்ப்பு என்று மட்டும் சொன்னார். வழக்கமாகச் செய்வது போலத் தரத்தை அவர் முந்திக்கொண்டு சொல்லவில்லை. காயைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். பருமன் இருந்தது. பச்சை நிறம் வெளிறியிருந்தது. இரண்டாம் தரம் என்று சீட்டு எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அவர் சீட்டைப் படித்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். உலர்த்தும்போது சூடு எந்த நேரத்தில் ஏறியிருக்கும் என்பதைச் சொன்னேன். அவர் கேட்காத மூன்று காரியங்களையும் சொன்னேன். புகைக்குழாயில் கசிவு இருக்கும் போலிருக்கிறது, பறிக்கிற ஆட்கள் ஐந்தாறு நாள் தாமதமாக வருகிறார்கள், கீழ்ச்சரிவுச் செடியில் நோய் தொடங்கியிருக்கிறது. முதல் இரண்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவதற்குக் கோபம் வந்து என்னோடு வாதாடினார். நானும் விடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ராசிங்காபுரம் போகிற பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அடுத்த பஸ் வரும் வரை, அதற்கும் நான்தான் காரணம் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.